டிஸ்பென்சரிக்கு முதல்முறை போகுமுன்: எதை, எந்த வழியில் வாங்குவது?

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் நடக்கிறது. அப்பாவுக்குக் கீமோ நடக்கிறது, வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அல்லது அம்மாவுக்குப் பல வருஷமாகக் காலில் நரம்பு வலி, தூக்கமே போய்விட்டது. மருத்துவரே ஒருநாள் மருத்துவக் கஞ்சாவை யோசித்துப் பார்க்கலாம் என்கிறார். வீட்டில் ஒருவர் முகம் சுளிக்கிறார். இன்னொருவர் பக்கத்தில் எங்கே டிஸ்பென்சரி, அதாவது உரிமம் உள்ள கஞ்சாக் கடை, இருக்கிறது என்று போனில் தேட ஆரம்பித்துவிடுகிறார்.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுப்பது நல்லது. கடைக்குள் போன பிறகு நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்காது. சுவரில் இருக்கும் திரையில் நூறு பெயர்கள் ஓடும், பின்னால் ஆள் நிற்பார், கவுன்டரில் விற்பனை செய்யும் பட்டெண்டர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் அவர் மருத்துவர் இல்லை. என் மாமியாருக்குப் பராமரிப்பாளராகப் பதிவு செய்துகொண்டு அவரோடு போய்வருகிறவள் என்ற முறையில் நான் சொல்வது ஒன்றுதான்: எந்த வடிவத்தில், எவ்வளவு மில்லிகிராமில் தொடங்குவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுப் போங்கள். கடையில் கேட்க வேண்டியது, அந்த முடிவுக்குப் பொருந்தும் பொருள் எது என்று மட்டும்தான்.

கடையா, மருந்தகமா?

எல்லாவற்றுக்கும் முன்னால் குடியுரிமை. 1996-இல் கலிஃபோர்னியா முதன்முதலில் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தது. அதன்பின் பெரும்பாலான மாநிலங்கள் ஏதோ ஒரு வடிவில் அனுமதித்துவிட்டன. ஆனால் மத்திய அரசின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சாவை முதல் பட்டியலில், அதாவது மருத்துவப் பயன் அங்கீகரிக்கப்படாத பொருட்களோடு வைத்தது. 2024 மே மாதம் அதைக் கட்டுப்பாடு குறைந்த மூன்றாம் பட்டியலுக்கு மாற்ற நீதித்துறை முன்மொழிந்தது. மாநிலச் சட்டம் என்ன சொன்னாலும், குடிவரவு விஷயங்கள் மத்திய சட்டத்தின்படிதான் நடக்கின்றன. குடியுரிமை விண்ணப்பத்தில் பார்க்கப்படும் 'நன்னடத்தை'க்குக் கஞ்சா தொடர்பான செயல் தடையாகலாம், அது மாநிலத்தில் சட்டப்படி சரியாக இருந்தாலும்கூட, என்று குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே அறிவித்தது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில் அதிகாரி கேட்டு, 'ஆமாம், பயன்படுத்துகிறேன்' என்று ஒப்புக்கொண்டாலே சிக்கல் வரலாம்.

ஆகவே ஹெச்-1பி விசாவில் இருப்பவர், கிரீன் கார்டு வைத்திருப்பவர், பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர், இவர்கள் யாரானாலும், கஞ்சா வாங்க மாநிலம் தரும் மருத்துவ அட்டைக்கு விண்ணப்பிக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிட வேண்டும். நோயாளி குடிமகனாக இருந்து, மகன் மட்டும் கிரீன் கார்டில் இருந்தால், பராமரிப்பாளராகப் பதிவு செய்வது அந்த மகனாக இருக்க வேண்டாம். குடியுரிமை உள்ள மருமகளோ மகளோ அதைச் செய்யட்டும். இதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

இவர்களுக்கெல்லாம் இன்னொரு வழி இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ட்ரோனாபினால் என்பது ஆய்வகத்தில் தயாரித்த டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் முக்கிய வேதிப்பொருள். நாபிலோன் அதை ஒத்த இன்னொரு மருந்து. இரண்டையும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1985-இலேயே கீமோ வாந்திக்காக அங்கீகரித்துவிட்டது. ட்ரோனாபினாலை மருத்துவர் முறையாகச் சீட்டு எழுதினால் சாதாரண மருந்தகத்திலேயே வாங்கலாம். காப்பீடு ஏற்க வாய்ப்பு உண்டு, எந்தச் சட்டத்துக்கும் முரண் இல்லை. ட்ரோனாபினால் மாத்திரை 2.5, 5, 10 மி.கி. அளவுகளில் வரும். அதில் நல்லெண்ணெய் இருக்கிறது. எள் ஒவ்வாமை உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். கஞ்சாவில் உள்ள, போதை தராத சிபிடி தேவை என்றால் எபிடியோலெக்ஸ் என்ற மருந்து 2018-இல் அங்கீகாரம் பெற்றது, ஆனால் அது கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு.

டிஸ்பென்சரியோடு ஒப்பிட்டால் இந்த மருந்துகளின் குறை என்ன? விழுங்கிய பிறகு வேலை செய்ய நேரமாகும். வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பவருக்கு விழுங்குவதே பாடு. டிஎச்சியும் சிபிடியும் சரிசமமாகக் கலந்த மருந்து எதுவும் அமெரிக்க மருந்தகத்தில் கிடையாது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2024-இல் தந்த வழிகாட்டுதல் இங்கே உதவும். வழக்கமான வாந்தித் தடுப்பு மருந்துகளைக் கொடுத்தும் அடங்காதபோது ட்ரோனாபினால், நாபிலோன், அல்லது தரம் சோதிக்கப்பட்ட, வாய்வழியாக எடுக்கும் 1:1 டிஎச்சி–சிபிடி சாறு, இவற்றில் ஒன்றைச் சேர்க்கலாம் என்கிறது அது. புற்றுநோயையே குணப்படுத்தும் என்று நம்பிக் கஞ்சாவை எடுக்கக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. 2017-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் வெளியிட்ட பெரிய அறிக்கையில் வலுவான சான்று இருப்பதாகச் சொல்லப்பட்டவை மூன்றே: பெரியவர்களின் நாள்பட்ட வலி, கீமோவால் வரும் குமட்டலும் வாந்தியும், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்கள் உணரும் தசை இறுக்கம். உங்கள் வீட்டுப் பிரச்சினை இந்த மூன்றில் ஒன்றா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

என் கருத்தில், கீமோ வாந்திக்கு முதலில் மருந்தக வழியைக் கேட்டுப் பாருங்கள். வலிக்கும் வலியால் கெடும் தூக்கத்துக்கும் என்றால் டிஸ்பென்சரி பக்கம் போகக் காரணம் இருக்கிறது.

அட்டை எடுப்பதா, எடுக்காமல் வாங்குவதா?

ஃப்ளோரிடா, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் மருத்துவ அட்டை இல்லாமல் டிஸ்பென்சரியில் வாங்க முடியாது, அதனால் அங்கே இந்தக் கேள்வியே எழாது. ஃப்ளோரிடாவில் அட்டைக் கட்டணம் 75 டாலர், பென்சில்வேனியாவில் 50. மருத்துவரைப் பார்க்கும் செலவு தனி. கலிஃபோர்னியா, கொலராடோ போன்ற இடங்களில் 21 வயதானால் அடையாள அட்டையைக் காட்டியே வாங்கிவிடலாம். அப்படியானால் எதற்கு அட்டை என்று தோன்றும்.

வரி ஒரு காரணம். கொலராடோவில் பொது விற்பனைக்கு மாநிலம் போடும் 15 சதவீதத் தனி வரி, மருத்துவ நோயாளிக்குக் கிடையாது. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அட்டைக்காக மருத்துவர் ஒருவர் உங்கள் நோயையும் மருந்துகளையும் பார்த்துச் சான்று எழுதுகிறார். மத்திய சட்டத்தால் அவர் இதை மருந்துச் சீட்டாக எழுத முடியாது. பரிந்துரைச் சான்றாகத்தான் தருவார். மினசோட்டா, கனெக்டிகட் போன்ற மாநிலங்களின் மருத்துவத் திட்டங்கள் மருந்தாளர் ஒருவர் நோயாளியோடு பேசும் ஏற்பாட்டோடுதான் தொடங்கின. வயதானவருக்கு, அதுவும் நாலைந்து மாத்திரை போடுகிறவருக்கு, அந்தப் பேச்சு வரிச் சலுகையைவிடப் பல மடங்கு பெறுமானம் உள்ளது. ஆகவே உங்கள் மாநிலத்தில் மருந்தாளர் இருக்கும் கடை இருந்தால், கொஞ்சம் தூரமானாலும் அங்கே போங்கள்.

பெட்ரோல் பங்கிலும் புகைக்கடையிலும் 'ஹெம்ப்', 'டெல்டா-8' என்று விற்கும் கஞ்சா வகைப் பொருட்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. நோயாளிக்கு அவை வேண்டாம்.

எந்த வடிவம்?

யோசிக்க வேண்டியது அதிகம் இருப்பது இங்கேதான். ஒரே டிஎச்சிதான், ஆனால் உடம்புக்குள் போகும் வழி மாறினால் மருந்தே மாறிவிட்டது போல நடந்துகொள்ளும்.

உலர்ந்த பூவைப் புகைத்தால் சில நிமிடங்களில் தெரியும், இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் தணியும். வேகம்தான் இதன் பலம். ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, போதுமா என்று பார்க்க முடிகிறது. குமட்டல் திடீரென்று வருபவருக்கு இதன் அருமை புரியும். ஆனால் புகை நுரையீரலுக்குப் புகைதான். வாழ்நாளில் பீடி சிகரெட் தொடாத எழுபது வயதுக்காரர் இருமியே களைத்துப்போவார். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு: பூவில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை இருக்கலாம், கீமோவாலோ உறுப்பு மாற்று மருந்துகளாலோ எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அது நுரையீரலில் தொற்றாக மாறலாம். அவர்கள் பூவின் பக்கமே போகக் கூடாது. பென்சில்வேனியாவில் மருத்துவத் திட்டத்தில் பூ விற்றாலும் அதைப் புகைப்பதற்கு அனுமதி இல்லை. ஆவியாக்கி இழுக்க மட்டும்தான்.

கஞ்சா எண்ணெயைச் சூடாக்கி ஆவியாக இழுக்கும் வேப் கார்ட்ரிட்ஜில் வாசனை குறைவு, எடுத்துப்போக வசதி. பலரும் முதல் நாளே அதைத்தான் கேட்கிறார்கள். உள்ளே இருக்கும் எண்ணெயில் டிஎச்சி செறிவு பூவைவிடப் பல மடங்கு. பழக்கமில்லாதவருக்கு ஒரு நீண்ட இழுப்பே அதிகம். 2019–20-இல் வேப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டு அமெரிக்காவில் 2,800-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், 68 பேர் இறந்தார்கள். அதில் முக்கியக் காரணமாக வைட்டமின் இ அசிடேட் என்ற கலப்படம் கண்டுபிடிக்கப்பட்டது, பெரும்பாலும் உரிமம் இல்லாத இடங்களில் வாங்கிய பொருட்களில். உரிமம் உள்ள கடையில் அந்த அபாயம் குறைவுதான். இருந்தாலும் முதல் பொருளாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கம்மி மிட்டாய், சாக்லேட், மாத்திரை இவையெல்லாம் எடிபிள். பார்க்க அப்பாவியாக இருக்கும், ஆளைக் கவிழ்ப்பதும் இதுதான். விழுங்கிய டிஎச்சி கல்லீரலுக்குப் போய் 11-ஹைட்ராக்சி-டிஎச்சி என்ற பொருளாக மாறுகிறது. அதன் வீரியமும் அதிகம், நீடிக்கும் நேரமும் அதிகம். தெரிய ஆரம்பிக்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம், அடங்க ஆறு முதல் எட்டு மணி நேரம், சிலருக்கு இன்னும் கூட. ஒரு மணி நேரம் காத்திருந்து 'ஒன்றும் ஆகவில்லையே' என்று இரண்டாவதைப் போட்டுக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. இரண்டும் சேர்ந்து ஏறும்போது நெஞ்சு படபடக்கும், தலை சுற்றும், செத்துவிடுவோமோ என்ற பயம் வரும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டோடு எடுத்தால் உடம்பில் ஏறும் அளவும் கூடும். அதே சமயம் இரவு முழுக்க வலிக்கு நின்று வேலை செய்வதில் இதற்கு இணை இல்லை. சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும். சைவர்கள் ஜெலட்டின் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பெக்டினில் செய்தவையும் கிடைக்கும்.

இனி டிங்சர், அதாவது நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்து. ஒரு நிமிடம் விழுங்காமல் வைத்திருந்தால் வாயின் மெல்லிய தோல் வழியாகக் கொஞ்சம் உள்ளே போகும். 15 முதல் 45 நிமிடத்தில் தெரிய ஆரம்பிக்கும். மீதி விழுங்கப்பட்டு எடிபிள் மாதிரி தாமதமாக வேலை செய்யும், இந்த இரண்டாம் கட்டத்தை மறந்துவிடக் கூடாது. பச்சிலைக் கசப்பு உண்டு. ஆல்கஹாலில் கரைத்த டிங்சர் வாய்ப்புண் இருப்பவருக்கு எரியும், எண்ணெயில் கரைத்ததைக் கேட்கலாம். இதன் பெரிய நன்மை, அளவைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டலாம் என்பது. கம்மி மிட்டாயைக் கத்தியால் கால் பங்காக வெட்டும்போது மருந்து சமமாகப் பிரிந்ததா என்று யாருக்குத் தெரியும்? சொட்டில் அந்தச் சந்தேகம் இல்லை.

மூட்டில் தடவும் களிம்பு ரத்தத்தில் பெரிதாகச் சேராது, மயக்கமும் தராது. பலன் இருப்பதற்கான சான்று மெல்லியது. முழங்கால் வலிக்கு முயன்று பார்ப்பதில் தப்பில்லை, அவ்வளவுதான். தோலில் ஒட்டும் பட்டை வேறு வகை, அது ரத்தத்தில் கலக்கும்.

முதல்முறை போகும் வயதான நோயாளிக்கு, 1:1 விகிதத்தில் அல்லது சிபிடி கூடுதலாக இருக்கும் எண்ணெய் டிங்சர்தான் என் தேர்வு. சில வாரங்கள் அதில் பழகி, தன் உடம்புக்குத் தேவையான மில்லிகிராம் தெரிந்த பிறகு, இரவு வலிக்காகக் குறைந்த அளவு மாத்திரைக்கு மாறலாம். வாந்தியால் எதுவும் தங்காத நிலையில் மட்டும் இழுக்கும் வகையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

'இண்டிகா என்றால் தூக்கம், சட்டிவா என்றால் சுறுசுறுப்பு' என்று பலகையில் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பெயர்கள் உள்ளே இருக்கும் வேதிப்பொருளோடு நம்பகமாகப் பொருந்துவதில்லை. மில்லிகிராமையும் விகிதத்தையும் பார்த்து வாங்குங்கள்.

லேபிளைப் படிப்பது

30 மி.லி. பாட்டில் ஒன்று. டிஎச்சி 150 மி.கி., சிபிடி 150 மி.கி. என்று போட்டிருக்கிறது. அப்படியானால் ஒரு மில்லி லிட்டரில் ஒவ்வொன்றும் 5 மி.கி. துளிக்குழாயில் அரை மி.லி. கோடு வரை எடுத்தால் 2.5 மி.கி. பெரும்பாலானவர்களுக்கு அதிகபட்சத் தொடக்க அளவு அதுதான். மெலிந்த, வயதான உடம்புக்கு அதிலும் பாதியில் தொடங்கலாம். பாட்டில் முழுவதும் இருக்கும் 150-ஐ ஒரு வேளை அளவென்று நினைத்து மிரளும் ஆட்களும் உண்டு, 10 மி.கி. கம்மி மிட்டாயை 'சின்னதுதானே' என்று முழுசாக வாயில் போடும் ஆட்களும் உண்டு. கலிஃபோர்னியாவில் ஒரு துண்டுக்கு 10 மி.கி., ஒரு பொட்டலத்துக்கு 100 மி.கி. என்பது பொது விற்பனையின் மேல்வரம்பு. 2021-இல் அமெரிக்காவின் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் ஆராய்ச்சிக்காக வகுத்த ஒரு அலகு 5 மி.கி.தான். ஒரு துண்டில் அதைப்போல இரண்டு மடங்கு!

பூவின் லேபிளில் 'டிஎச்சிஏ 20%' (டிஎச்சியாக மாறுமுன் இருக்கும் பொருள்) என்றிருந்தால், ஒரு கிராமில் 200 மி.கி. டிஎச்சிஏ, சூடுபட்டதும் அது சுமார் 175 மி.கி. டிஎச்சியாக மாறும். இரண்டரை மில்லிகிராமில் தொடங்க வேண்டியவர் கையில் அதைக் கொடுத்து அளந்துகொள்ளச் சொல்வது எப்படி நியாயம்?

கூடவே தொகுதி எண்ணையும் சோதனைத் தேதியையும் பாருங்கள். கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் ஆய்வக அறிக்கை வரும். பூச்சிமருந்து, கன உலோகம், பூஞ்சை ஆகியவற்றுக்கு 'பாஸ்' இருக்க வேண்டும்.

போகும் நாள்

எடுத்துப்போக வேண்டியவை அதிகமில்லை. அடையாள அட்டை, மருத்துவ அட்டை, ரொக்கம், மருந்துப் பட்டியல். கிரெடிட் கார்டு செல்லாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெபிட் கார்டு சில கடைகளில் எடுபடும். காப்பீடும், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரும் இதற்குப் பணம் தராது. முதல் அறையில் அட்டைகளைச் சரிபார்த்த பிறகுதான் உள்ளே இருக்கும் கதவைத் திறப்பார்கள். அம்மா, மாமியார் வயதில் இருப்பவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் மிரள மாட்டார்கள்.

இந்த நான்கிலும் மருந்துப் பட்டியல்தான் தலையாயது என்பேன். எங்கள் மாநிலக் கடையில் மருந்தாளர் அந்தத் தாளை வாங்கி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் இருந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினார். "இதை எழுதிக் கொடுத்த டாக்டருக்கு நீங்கள் இங்கே வந்திருப்பது தெரியுமா?" தெரியும், அடுத்த வாரமே ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் பாட்டிலை எடுத்தார். சிபிடி கல்லீரலின் நொதிகளைத் தடுப்பதால் வார்ஃபரின், வலிப்புக்கான குளோபஸாம், உறுப்பு மாற்றுக்குப் பின் போடும் டாக்ரோலிமஸ் போன்றவற்றின் அளவு ரத்தத்தில் ஏறலாம். தூக்க மாத்திரையோடும் ஓபியாய்டு வலி மருந்தோடும் சேர்ந்தால் மயக்கம் கூடும். ரத்த அழுத்த மருந்து போடுபவர் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழலாம். மனநோயில் மாயத்தோற்றம் கண்ட வரலாறு உள்ளவர், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், கர்ப்பிணி ஆகியோருக்கு டிஎச்சி வேண்டாம்.

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கேட்டார்: "ஏம்மா, இதைப் போட்டுக்கிட்டா நான் நானாத்தான் இருப்பேனா?" நான் அதை அப்படியே மொழிபெயர்த்தேன். மருந்தாளர் சிரிக்கவில்லை. இந்த அளவில் பெரும்பாலானவர்கள் அப்படியேதான் இருப்பார்கள், முதல் தடவை மட்டும் பக்கத்தில் ஆள் இருக்கட்டும், மாடிப்படி ஏற வேண்டாம் என்றார். இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பதில் சொல்ல நேரமில்லாத கடை உங்களுக்கு வேண்டாம்.

இருப்பதில் சிறிய பாட்டிலை வாங்குங்கள். திறந்ததைத் திருப்பிக் கொடுக்க முடியாது. முதல் வேளை, மறுநாள் வேலை இல்லாத மாலையில் இருக்கட்டும். அன்றைக்குள் இரண்டாவது வேளை கிடையாது. இரண்டு மூன்று நாள் அதே அளவில் இருந்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் 1 அல்லது 2.5 மி.கி. கூட்டலாம். தேதி, நேரம், அளவு, வலி எத்தனைக்கு எத்தனை, தூக்கம் எப்படி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அடுத்த முறை மருந்தாளரிடம் காட்டலாம். காரோட்டுவது கூடவே கூடாது. மாநில எல்லையைத் தாண்டி எடுத்துப்போவது, இரண்டு பக்கமும் அனுமதி இருந்தாலும், மத்திய சட்டப்படி குற்றம். விமானப் பயணப் பெட்டியில் வைக்கவே வேண்டாம்.

பேரக் குழந்தைகள் உள்ள வீட்டில் பாட்டிலும் மிட்டாயும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், பூஜை அலமாரியிலோ சமையலறை மேல்தட்டிலோ அல்ல. குழந்தை தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் நச்சு உதவி எண் 1-800-222-1222, நாள் முழுவதும் பேசலாம்; எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கினாலோ மூச்சு சீராக இல்லாவிட்டாலோ 911. இரண்டு எண்களையும் அந்தப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டிவையுங்கள்.